வள்ளம் வெட்டும் கனிசியஸும் உரிக்கச் சொன்ன டொக்டரும்

குருநகர்க் கரையில் கனிசியஸிடம் வள்ளம் திருத்தக் கொண்டுபோகிறவர்கள் வள்ளத்தோடு கொஞ்சம் பொறுமையையும் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். மனுசன் முதலில் வள்ளத்தைப் பார்க்கமாட்டார். கொண்டுவந்தவனைத்தான் பார்ப்பார்.

"ஆர் இதைக் கெடுத்தது?"

"கடலுக்குள்ளை கல்லுப்பாரிலை அடிபட்டது அண்ணை."

"பார் ஒருக்காத்தானே அடிச்சது. பிறகு ஒருத்தன் மேலாலை பூசியிருக்கிறானே, அவனைத்தான் கேக்கிறன்."

பூசியவன் பெரும்பாலும் எதிரில் நிற்கிறவனின் மச்சானாகவே இருப்பான். கனிசியஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து வள்ளத்தின் வயிற்றில் தட்டிக்கொண்டு போவார். டிங், டிங், டிங் என்று போகிற சத்தம் ஓரிடத்தில் டொப் என்று விழும். அங்கே கரிக்கோடு போடுவார். கோடு வட்டமாகி முடியும்போது உரிமையாளரின் முகமும் ஒரு வட்டத்துக்கு வந்துவிடும்.

அறுபத்தொரு வயது, மெலிந்த உடம்பு, முழங்கைவரை வள்ளம் ஒட்டும் றெசின் பசை காய்ந்த கைகள். மர வள்ளத்தில் தொழில் பழகியவர். இடப்பெயர்வு, திரும்பி வரவு, திரும்ப இடப்பெயர்வு என்று எல்லாரையும் போல அவருக்கும் இருபது வருடம் போனது. அவரைப் பெரிய ஆளாக்கியது சுனாமி. கடல் பறித்த வள்ளங்களுக்குப் பதிலாகத் தொண்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு நிறத்தில் பைபர் வள்ளம் கொடுத்தன. சில வள்ளங்களில் கொடுத்தவர்களின் சின்னம் வள்ளத்தைவிடத் தடிப்பாக இருந்தது. கனிசியஸ் அந்த அப்பளங்களுக்கு ஒட்டுப் போடப் பழகினார். உலகத்தின் இரக்கம் அவருக்குப் பதினைந்து வருடம் சோறு போட்டது.

அவருடைய தொழில் வேதத்தில் இரண்டே கற்பனைகள், அதாவது கட்டளைகள்தான். முதலாவது, உரிக்காதே, வெட்டு. பைபர் வள்ளம் அடுக்கடுக்காகக் கட்டியது. அடிபட்ட இடத்தில் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால், மேலடுக்கை மட்டும் உரித்துச் சுரண்டிப் புது றெசின் பூசலாம். பார்க்கக் கலியாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். மாப்பிள்ளையின் குணம் மூன்றாம் மாதம் தெரியும். கனிசியஸ் சேதத்துக்கு மேலே ஒரு சாண் கூட்டி, முழுத் தடிப்பையும் வெட்டி எறிந்து, ஓட்டைக்குள்ளால் மறுபக்கக் கடலைப் பார்த்த பிறகுதான் ஒட்டத் தொடங்குவார். இரண்டாவது, காயவிடு. கரையேற்றிய வள்ளத்தில் ஈரம் இருக்கும்வரை கை வைக்கமாட்டார். ஒரு மாதம் ஆகும். மாரியென்றால் இரண்டு மாதமும் ஆகும். அவசரப்பட்டவர்கள் வேறு ஆளிடம் போய், பிறகு இவரிடமே திரும்பி வந்திருக்கிறார்கள். அப்படித் திரும்பி வருகிறவர்களைக் காண்பதில் அவருக்கு ஒரு கிறிஸ்தவனுக்குத் தகாத சந்தோசம் இருந்தது.

இந்த வேதத்துக்கு மதம் மாறாத ஒரே ஆள் அவருடைய மனைவி றஜனி.

றஜனிக்கு ஐம்பத்தேழு வயது. போன வருடக் கடைசியில் வயிறு ஊதத் தொடங்கியது. வாய்வு என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. இஞ்சி அவித்தார்கள், ஓமம் அவித்தார்கள், உள்ளி சுட்டுக் கொடுத்தார்கள். வயிறு எதையும் மதிக்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சூலகத்தில் புற்றுநோய் என்றார்கள். வீட்டுக்கு வந்து போன சனமெல்லாம் அதை "உந்த வருத்தம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது. பேரைச் சொன்னால் அது திரும்பிப் பார்த்துவிடும் என்ற பயம். றஜனி மட்டும், "கான்சர் எண்டு சொல்லுங்கோவன், அது என்ன மாமனாரோ பேர் சொல்லாமல் விட?" என்றார்.

முதலில் மூன்று தரம் ஊசி மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் போனது. கோயிலில் முக்காட்டுக்குள்ளே அது ஒருத்தருக்கும் தெரியவில்லை. வயிறு வற்றியது. இனிச் சத்திரசிகிச்சை என்று சொல்லி, டொக்டர் சுபாஜினி இருவரையும் கூப்பிட்டு இருத்தினார்.

டொக்டர் சுபாஜினிக்கு நாற்பது வயது இருக்கும். உடுவில் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை; அவசரப்படாமல் கதைப்பார்.

"அம்மா, ஊசிக்கு நல்லாச் சுருங்கியிருக்கு. சூலகம், கர்ப்பப்பை எல்லாம் எடுப்பம். இன்னுமொரு இடம் இருக்கு. வலப்பக்கம், ஈரலுக்கு மேலை, பிரிமென்றகட்டின்ரை அடியிலை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கிடக்குது."

"பிரிமென்... அது என்ன?" என்றார் கனிசியஸ்.

"நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை ஐயா. குடை மாதிரி இருக்கும். மூச்சு எடுக்கேக்கை கீழை இறங்கும், விடேக்கை மேலை ஏறும். அதின்ரை அடிப்பக்கத்தை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கு. நோய் சவ்விலை மட்டும் எண்டால் அந்தச் சவ்வை உரிச்சு எடுப்பம். தசைக்குள்ளை இறங்கியிருந்தால் அந்தத் துண்டை முழுத் தடிப்பிலை வெட்டி எடுத்துப்போட்டு, ஓட்டையைத் தைப்பம். திறந்து பாத்தால்தான் எது எண்டு தெரியும். கூடுதலா உரிக்கத்தான் வரும் எண்டு நினைக்கிறன்."

கனிசியஸின் காதில் அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. உரிக்க. இவ்வளவு படித்த பிள்ளை, சுவரெல்லாம் சான்றிதழ், கடைசியில் உரிக்கிற கூட்டம்.

ஓட்டோவில் வீட்டுக்கு வரும்போது, "மேலாலை சுரண்டி விடப் பாக்கினம்," என்றார்.

"அந்தப் பிள்ளை சொன்னது அப்பிடியில்லையப்பா."

"உனக்குத் தெரியாது. நான் நாப்பது வருசமா உந்த வேலை பாத்தவன்."

"கான்சரோ?"

"ஒட்டு!"

அன்று பின்னேரமே செய்தி பரவியது. மறுநாள் வீட்டில் பாராளுமன்றம் கூடியது. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்கு வருத்தம் வந்தால், வருத்தக்காரரைத் தவிர எல்லாரும் வைத்தியம் படிப்பார்கள். றஜனியின் தமையன் சிமியோன் எதிர்க்கட்சித் தலைவர். பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மச்சான் ஒன்று சொன்னால் மற்றதைச் சொல்வது என்ற கொள்கையில் முப்பத்தாறு வருடம் வழுவாமல் நின்றவர்.

"பனங்கிழங்கை உரிச்சுத்தானே காணும் தின்னிறனீர்? வெட்டியே தின்னிறனீர்? உரிச்சால் நெஞ்சுக்குள்ளை ஓட்டை விழாது. தண்ணி கட்டாது. தங்கச்சி கெதியா வீட்டை வந்திடுவாள்."

"உரிச்ச கிழங்கையும் நடுவாலை பிளந்து தும்பு எடுத்துப்போட்டுத்தான் தின்னிறது. அதை ஏன் சொல்லாமல் விட்டனீர்?"

பரிஸ் நகரத்திலிருந்து மகள் ஜெனிற்றா காணொளியில் வந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒருத்தி அங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாளாம். பிரான்சில் வெட்டித்தான் எடுப்பார்களாம். கனிசியஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த நாள் அவளே வந்து, வேறொருத்தியிடம் கேட்டதாகவும் பிரான்சில் இப்போது உரிப்பதுதானாம் என்றும் சொன்னாள். சிமியோன் வெற்றிலையைப் போட்டார். மூன்றாம் நாள் சுவிசில் எரித்தே எடுக்கிறார்களாம் என்று ஒரு தகவல் வந்தது. அந்தத் தகவல் இரண்டு கட்சிக்கும் உதவாததால் கவனிக்காமல் விடப்பட்டது. கரையில் வலை பிரிக்கிற ஆட்கள்கூட இரண்டாகப் பிரிந்தார்கள். பிரிமென்றகடு என்ற சொல்லை ஒரு கிழமைக்கு முன்னர் கேள்விப்பட்டிராத குருநகர், அதை எப்படி அறுப்பது என்பதில் தெளிவாக இருந்தது.

இந்தச் சபையில் ஒருத்தரும் றஜனியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

சத்திரசிகிச்சைக்குச் செவ்வாய்க்கிழமை என்று திகதி குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை கனிசியஸ் ஒருவரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். வள்ளம் திருத்த வந்த கிறிஸ்ரி என்றொருவன், கொழும்பில் ஒரு டொக்டர் இருக்கிறார், அவர் வெட்டுகிற ஆள் என்று சொல்லியிருந்தான். அவரை ஒருக்கால் கேட்டுவிட்டுச் செய்யலாமே. தவிர, காயவிடு என்ற இரண்டாவது கற்பனையும் இருக்கிறது. மூன்று தரம் மருந்து ஏற்றிய உடம்பு. உள்ளெல்லாம் ஈரமாக இருக்கும். ஒரு மாதம் கரையில் கிடந்து காய்ந்தால் ஒட்டு நல்லாய்ப் பிடிக்கும். இப்படியொரு நியாயம் உலகத்தில் வேறெந்தப் புருசனுக்கும் தோன்றியிருக்காது.

மேசையடியில் இருந்த நேர்ஸ் மிஸி கொப்பியைப் புரட்டினார். "செவ்வாய் வேண்டாமோ ஐயா?"

"வேண்டாம் எண்டில்லைத் தங்கச்சி. கொஞ்சம் பிந்திப் பாப்பம்."

"டொக்டரோடை கதைச்சனீங்களோ?"

"நாங்கள் வீட்டிலை கதைச்சிட்டம்."

மிஸி ஒரு கோடு போட்டார். காத்திருக்கிறவர்கள் பட்டியலில் அடுத்த பேருக்கு அந்த இடத்திலேயே தொலைபேசி போனது. கனிசியஸ் மனச்சுத்தத்தோடு சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தார்.

றஜனி பின்பக்கத்தில் கிளாத்தி மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். கிளாத்தியின் தோல் அரம் மாதிரி. அதைச் செதில் தட்ட முடியாது. தலைப்பக்கம் கீறி, விரலைக் கொடுத்து, ஒரே இழுவையில் சட்டை கழற்றுவது போல உரிக்கவேண்டும். பழகாதவன் இழுத்தால் சதையும் சேர்ந்து வரும். றஜனி இழுத்தால் தோல் மட்டும் வரும்.

"செவ்வாயைப் பின்போட்டிட்டு வந்திருக்கிறன்," என்றார் கனிசியஸ், நல்ல விலைக்கு மீன் வாங்கி வந்தவர் மாதிரி.

றஜனி நிமிரவில்லை. "எந்தச் செவ்வாயை?"

"உன்ரை ஒப்பரேசன். கொழும்பிலை ஒராள் வெட்டுறாராம். அதுவரைக்கும் உடம்பும் கொஞ்சம் காயட்டும்."

றஜனி கையிலிருந்த மீனை உரித்து முடித்தார். அடுத்ததையும் உரித்தார். சட்டியில் மொத்தம் ஆறு மீன் இருந்தது. ஆறையும் உரித்து முடித்தார். கனிசியஸுக்கு அது பிடிபடவில்லை. நாணயத்தால் தட்டிப் பார்க்க முடியாத இடங்களில் அவர் எப்போதும் கொஞ்சம் தடுமாறுவார். றஜனி கையைக் கழுவி, எலுமிச்சந்தோல் தேய்த்து மணம் போக்கி, சீலை மாற்றி, கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வெளிக்கிடுங்கோ."

"எங்கை?"

"என்னைக் காயப்போட்டிட்டு வந்த இடத்துக்கு."

கனிசியஸ் போகிற வழியில் கொட்டிலுக்குள் நுழைந்து ஒரு பொருளை எடுத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டார். கிறிஸ்ரியின் வள்ளத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு. டொக்டருக்கு நேரில் காட்டினால் விளங்கும் என்று அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது.

கிளினிக் முடிகிற நேரம். கடைசி ஆளாக உள்ளே போனார்கள். சாக்கை அவிழ்த்து மேசையில் வைத்ததும் மிஸியின் கண் வாசல் காவல்காரரைத் தேடியது. டொக்டர் சுபாஜினி துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன ஐயா?"

"வள்ளம், பிள்ளை... இல்லை, டொக்டர். இஞ்சை பாருங்கோ, மேலாலை வடிவா இருக்கு. உதை உரிச்சுப் பூசினவங்கள். ஆனா அடுக்குக்குள்ளை தண்ணி நிண்டு நிண்டு, பாருங்கோ, கறுத்துப் போச்சுது. முதலே முழுசா வெட்டியிருந்தால் இப்ப இவ்வளவு பெரிய துண்டு போயிருக்காது. அதுதான் சொல்லுறன், உரிக்க வேண்டாம். பயப்படாமல் வெட்டுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

டொக்டர் சிரிக்கவில்லை. நகத்தால் அடுக்குகளை எண்ணிப் பார்த்தார். "தண்ணி எதாலை உள்ளுக்குப் போகும்?" என்று கேட்டார். கனிசியஸ் விளக்கினார். இன்னொரு கேள்வி கேட்டார். கனிசியஸ் அதையும் விளக்கினார். அவருடைய வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு படித்த ஆள் அடுக்குகளைப் பற்றி அக்கறையாகக் கேட்கிறார். மனுசன் வந்த காரணத்தை மறந்து பிரசங்கத்தில் இறங்கிவிட்டார்.

அப்போதுதான் றஜனி வாய் திறந்தார். "டொக்டர், இவரிட்டை ஒண்டு கேளுங்கோ. வள்ளத்தின்ரை அடியிலை சிப்பி பிடிச்சால் இவர் என்ன செய்யிறவர்? வள்ளத்தை வெட்டுறவரோ?"

கனிசியஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்கோவன்."

"சுரண்டுறது," என்றார் கனிசியஸ், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"ஏன் வெட்டிறேல்லை?"

"அது மேலாலை ஒட்டியிருக்கிறது. உள்ளுக்கு இறங்காது."

"சிலது இறங்கும்," என்றார் டொக்டர். "இறங்கினால் நானும் வெட்டத்தான் வேணும் ஐயா. இரண்டையும் செய்து பாத்து ஒப்பிட்டு எழுதினவை இருக்கினம். உரிக்கிறதிலை நெஞ்சுப்பக்கம் திறபடுறது குறைவு. வெட்டினால் திறபடும்; காத்து ஏறும், பிறகு தண்ணி கட்டும், சில நேரம் நெஞ்சுக்கு ஒரு குழாய் போட்டு வைக்கவேணும். ஆனா ஆழமா இறங்கினதை உரிக்கப் பாத்தால் மிச்சம் நிண்டிடும். ஆகவே, நான் உரிக்கிற ஆளுமில்லை, வெட்டுற ஆளுமில்லை. உள்ளுக்கை என்ன கிடக்குதோ அதுக்கு ஏத்த ஆள்."

"தைச்சாப்பிறகு ஓட்டை மூடுபட்டதோ எண்டு எப்பிடிப் பாப்பியள்?" இது கனிசியஸ். தொழில்காரனுக்கு அந்தக் கேள்வியை அடக்க முடியவில்லை.

"மேலாலை தண்ணி விட்டிட்டு, நுரையீரலுக்குக் காத்துக் குடுப்பம். குமிழ் வந்தால் இன்னும் ஒரு தையல்."

கனிசியஸின் முகம் மலர்ந்தது. சைக்கிள் ரியூப்புக்கும் அதுதான். நம்பிக்கைக்குரிய ஆட்கள் போலத்தான் இருக்கிறது.

றஜனி கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எதைச் செய்தாலும் சரி டொக்டர். மிச்சம் விடாமல் எடுப்பியளோ?"

டொக்டர் கதிரையை அவர் பக்கம் திருப்பினார். "இரண்டு கிழமையா உங்கடை வீட்டிலை இருந்து எனக்கு எத்தினை ரெலிபோன் வந்தது தெரியுமோ? ஒருத்தரும் உதைக் கேக்கேல்லை. எந்த முறை எண்டதைவிட உதுதான் அம்மா முக்கியம். கண்ணுக்குத் தெரியிற ஒண்டையும் விடாமல் எடுக்கத்தான் நான் உள்ளுக்குப் போறன். முடியும் எண்டு நினைக்கிறன். சத்தியம் பண்ண மாட்டன்."

"சத்தியம் வேண்டாம். செவ்வாயைத் தாங்கோ."

மிஸி கொப்பியைத் திறந்து டொக்டரிடம் காட்டினார்.

"செவ்வாயை வேறை ஆளுக்குக் குடுத்தாச்சு," என்றார் டொக்டர். "இனி எனக்கு ஒரு மாதத்துக்குப் பிறகுதான் இடம் இருக்கு. அவ்வளவு காலம் விடக்கூடாது. ஊசிக்குச் சுருங்கினது திரும்பவும் வளரப் பாக்கும்."

கனிசியஸ் மெல்லக் கேட்டார்: "கிடந்தால் காயாதோ?"

"இது காயிற சாமான் இல்லை ஐயா. உயிரோடை இருக்கிறது."

கனிசியஸ் மேசையிலிருந்த வள்ளத் துண்டை எடுத்துச் சாக்கில் சுற்றத் தொடங்கினார். சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார். ஒரு மாதம். இத்தனை வருடமாக எல்லாருக்கும் அவர் கொடுத்த தவணை அது.

"ஆரும் வராமல் நிண்டால் சொல்லுறன்," என்றார் டொக்டர். "ரெலிபோனைப் பக்கத்திலை வைச்சிருங்கோ."

வெள்ளி போனது, சனி போனது. கனிசியஸ் கரைக்குப் போனார், வள்ளத்தில் கை வைக்காமல் திரும்பி வந்தார். தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்தால் கேட்காது என்று கையிலேயே பிடித்துக்கொண்டு திரிந்தார். பரிஸிலிருந்து ஜெனிற்றா எடுத்தால், "வை பிள்ளை, லைன் வேணும்," என்று வெட்டினார். றஜனி அவரைப் பேசவில்லை, ஏசவில்லை. சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். ஞாயிறு பூசைக்குப் பிறகு சிமியோன் பாசையூருக்குப் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். தொலைந்த சாமானை எடுத்துத் தருகிற புனிதர். பூட்டுத் திறப்பு, மோதிரம், மாடு என்று எவ்வளவோ எடுத்துக் கொடுத்திருக்கிறார். திகதி இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

திங்கள் காலை பத்து மணிக்கு மிஸி எடுத்தார். வியாழக்கிழமைக்கு இருந்த ஒரு மனுசிக்குக் காய்ச்சலாம். புதன்கிழமை வந்து ஆஸ்பத்திரி வாட்டில் சேரச் சொன்னார்.

"அந்தோனியார்!" என்றார் சிமியோன்.

"அந்த மனுசிக்குச் சுகம் வரட்டும்," என்றார் றஜனி. பிறகு யோசித்து, "வெள்ளிக்கிழமை வரட்டும்," என்று திருத்தினார்.

புதன்கிழமை வாட்டில் படிவம் கொண்டுவந்தார்கள். தேவைக்கேற்ப உரித்தல் அல்லது வெட்டித் தைத்தல் என்று இரண்டும் அதில் இருந்தது. கனிசியஸ் பேனையை எடுக்கக் கை நீட்டினார். றஜனி முந்திக்கொண்டார்.

"வயிறு என்ரை."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே நீள வாங்கில் மச்சான்மார் இருவரும் இருந்தார்கள். ஒன்பது மணிவரை செபம். பத்து மணிக்குச் சிமியோன் மீன் வைத்த ஒரு மாலுப்பணிஸ் வாங்கி வந்து பாதியைக் கொடுத்தார். கனிசியஸ் சாப்பிடவில்லை.

"இப்ப உரிச்சுக்கொண்டிருப்பினம்," என்றார் சிமியோன், மச்சானை இந்த உலகத்துக்கு இழுக்கும் எண்ணத்தோடு.

கனிசியஸ் சண்டைக்கு வரவில்லை. "என்ன செய்தாலும் சரி மச்சான். எடுத்தால் போதும்."

எதிர்க்கட்சிக்கு ஆளுங்கட்சி இல்லாமல் போனால் எப்படி இருக்கும்? சிமியோன் மிச்சப் பணிஸை மடித்து வைத்துவிட்டு, "ஆழமா இறங்கியிருந்தால் வெட்டவும் வேணும்தான்," என்று தானே அந்த இடத்தை நிரப்பினார்.

இரண்டரை மணிக்கு டொக்டர் சுபாஜினி வெளியே வந்தார். தொப்பி கழற்றிய நெற்றியில் ஒரு கோடு விழுந்திருந்தது.

"முடிஞ்சுது ஐயா. முழுக்க எடுத்திட்டம். பிரிமென்றகட்டிலை கூடின பங்கு சவ்விலைதான் இருந்தது, உரிச்சது. பின்பக்கம் ஒரு மூண்டு விரல் அகலம் தசைக்குள்ளை இறங்கியிருந்தது. அதை வெட்டித் தைச்சிருக்கு. குமிழ் வரேல்லை. நெஞ்சிலை ஒரு குழாய் இருக்கு, பாத்துப் பயப்படாதையுங்கோ. அது நாலைஞ்சு நாளிலை எடுத்திடலாம்."

"பெரும்பான்மை உரிப்புத்தான்," என்று சிமியோன் முணுமுணுத்தார்.

டொக்டருக்குக் கை கொடுக்க எழுந்த கனிசியஸ், றெசின் பிடித்த கையைப் பார்த்து, கும்பிட்டார்.

அன்று பின்னேரமே வெற்றிச் செய்தி குருநகருக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு கட்சியும் தாங்களே வென்றதாக அறிவித்தன. தோற்றது யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

றஜனிக்குத்தான் வேலை பின்னால் வந்தது. முதல் இரண்டு நாள் மூச்சு மேலோட்டமாகவே போனது. வலப்பக்கம் இழுத்தால் கத்தி வைத்தது போல வலி. மூச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பிள்ளை காலையும் பின்னேரமும் வந்து, தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்து இருமச் சொன்னது, ஆழமாக மூச்சு எடுக்கச் சொன்னது. "அடிவரைக்கும் எடுங்கோ அம்மா." அடியில்தான் தையல் இருந்தது. கனிசியஸ் பக்கத்துக் கதிரையில் இருந்து றஜனி எடுக்கிற மூச்சையெல்லாம் தானும் எடுத்தார். இருமினால் தானும் இருமினார். பக்கத்துக் கட்டில்காரி, இருவரில் யார் வருத்தக்காரர் என்று மிஸியிடம் கேட்டாள்.

நாலாம் நாள் குழாயில் வருகிற தண்ணீர் குறைந்தது. ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். டொக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மேலே, நடுவில், அடியில் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அடியில் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்துக் கேட்டார். கனிசியஸ் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடியிலையும் காத்துப் போகுது," என்றார் டொக்டர்.

"அப்ப மிச்சம் இல்லை?" என்றார் றஜனி.

"கண்ணுக்குத் தெரிய ஒண்டும் விடேல்லை அம்மா."

"தெரியாததுக்கு?"

"அதுக்குத்தான் இன்னும் மூண்டு ஊசி. அதுக்குப் பிறகும் வந்து வந்து காட்டவேணும். திரும்பி வராது எண்டு நான் சொல்ல ஏலாது."

றஜனி தலையை ஆட்டினார். "உண்மை சொல்லுறியள். அது போதும்."

டொக்டர் போனபிறகு கனிசியஸின் கையிலிருந்த தொலைபேசி அதிர்ந்தது. ஜெனிற்றா.

"அப்பா, குழாய் எடுத்தாச்சோ? இஞ்சை ஒராள் கேக்கிறா, எவ்வளவு பங்கு உரிச்சவை, எவ்வளவு பங்கு வெட்டினவை எண்டு. விபரமாச் சொல்லுங்கோ."

கனிசியஸ் கட்டிலைப் பார்த்தார். றஜனி தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாக இழுத்து, ஒரு கணம் பிடித்து, விட்டுக்கொண்டிருந்தார்.

"கொம்மா மூச்சு விடுறா," என்றார்.

"அது சரியப்பா, முறை என்ன எண்டுதான் கேக்கிறன்."

கண் திறக்காமலே றஜனி கையை நீட்டினார். கனிசியஸ் தொலைபேசியைக் காதோடு பிடித்தார்.

"ஜெனிற்றா, உரிச்சும் கிடக்கு, வெட்டியும் கிடக்கு. நீ வை. எனக்கு இன்னும் பத்துத் தரம் மூச்சு எடுக்கக் கிடக்கு. உன்ரை அப்பர் பாவம், அவரும் என்னோடை கூட எடுக்கிறார்."